ஏர் ரைஃபிள் குறி தப்புகிறதா? சைட்டைத் திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வடசென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு வசதி உண்டு. அகலம் கம்மிதான், ஆனால் தெருக்கதவிலிருந்து பின்கட்டுச் சுவர் வரை முப்பத்து மூன்று அடி நேர்கோடாகக் கிடைத்துவிடும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழக அது போதும். தோட்டா ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டாவில் வெடிமருந்து நிரப்பிக்கொள்ளும் பழக்கம் வெளிநாடுகளில் உண்டு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் வீட்டில் குறி பழகுகிறவர்களுக்கு ஏர் ரைஃபிள்தான் வழி. பாரலின் (குழலின்) துளை 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. 0.53 கிராம் பெல்லட்டுக்கு (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) அந்த வரம்பு வினாடிக்குச் சுமார் 275 மீட்டர் வேகம். போட்டி ரைஃபிள்கள் 170, 175 மீட்டரிலேயே நின்றுவிடும், ஆக நமக்கு நிறைய இடம் இருக்கிறது. புறா, கிளி, காக்கா என்று எந்தப் பறவை மேலும் குறி வைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர் கன்னுக்கும் சேர்த்துத்தான்.

குறி தப்ப ஆரம்பித்ததும் எல்லோருடைய கையும் முதலில் போவது சைட் (குறிபார்க்கும் அமைப்பு) திருகாணிக்கு. அங்கேதான் கெடுகிறது. குண்டுகள் சிதறி விழும்போது சைட்டைத் திருகினால் சிதறல் அப்படியே இடம் மாறும், அவ்வளவுதான். கூடவே பழைய அளவும் தொலைந்துபோகும். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து விழுகிற வரைக்கும் சைட் பக்கம் கையே போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை

மேசை மேல் மணல் நிரப்பிய பையை வையுங்கள். பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டித் தைத்தால் போதும். துப்பாக்கிக் கட்டையின் (கையில் பிடிக்கும் மரப்பகுதி) முன்பாகம் பை மேல் மெத்தென்று உட்கார வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிள் (பாரலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றிச் சுடும் ரகம்) என்றால் பைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுங்கள். கெட்டியான பரப்பில் நேரடியாக வைத்தால் ஸ்பிரிங் அடிக்கும் அடியில் துப்பாக்கி எம்பிவிடும், குண்டு மேலே போகும்.

ஒரே டப்பா பெல்லட்டில் ஐந்து குண்டு. காகிதத்தில் விழுந்த ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள். போட்டி ரக ரைஃபிளில் 3 மி.மீ.க்குள் வர வேண்டும். சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் 10 மி.மீ. வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலக்குத் தாளில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 2.5 மி.மீ., நடுப் பத்துப் புள்ளி வெறும் அரை மி.மீ. என்பதை மனதில் வைத்துக்கொண்டால் எது பெரிய தப்பு, எது சின்னத் தப்பு என்று புரியும்.

இந்தத் தாளில் தேதி போட்டு எடுத்து வையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி மறுபடி ஐந்து குண்டு. திருகாணியையும் முறுக்கி பெல்லட்டையும் மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

சிதறல் எந்த வடிவத்தில் இருக்கிறது?

மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால் வேகம் குண்டுக்குக் குண்டு மாறுகிறது. சீல் கசிவு, அழுத்தம் ஏறி இறங்குவது, ஸ்பிரிங் தளர்ச்சி ஆகியவற்றைப் பாருங்கள். மூச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுடுபவருக்கும் இதே கோடு விழும். அதனால்தான் மேசைச் சோதனை.

பக்கவாட்டில் நீண்டு விழுந்தால் டிரிகர் விரல் பக்கமாக இழுக்கிறது, அல்லது துப்பாக்கி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சாய்வில் நிற்கிறது. மொட்டைமாடியில் சுட்டால் கடல்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வினாடிக்கு 4 மீட்டர் காற்று குறுக்கே வீசினால் 10 மீட்டரில் பெல்லட் ஏறக்குறைய ஒரு செ.மீ. ஒதுங்கும். நாலு வளையம் போச்சு. காசிமேட்டுப் பக்கம் மாடியில் பழகுகிறவர்கள் காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டு தனித்தனிக் கூட்டமாக, இங்கே மூன்று அங்கே இரண்டு என்று விழுந்தால் ஏதோ ஒன்று தளர்ந்து இரண்டு நிலைக்கு மாறி மாறிப் போகிறது. ஸ்கோப் மவுண்ட் (குறிபார்க்கும் தொலைநோக்கியின் பிடி), பாரல் மடியும் இடம், கட்டைத் திருகாணி, இந்த வரிசையில் பாருங்கள்.

வட்டமாக எல்லாப் பக்கமும் இறைந்தால் பெல்லட் அல்லது பாரல்.

கட்டைத் திருகாணி

ஸ்பிரிங் ரைஃபிளில் பாதிக் கோளாறு இதுதான், செலவும் கிடையாது. கட்டையின் முன்பக்கம் இரண்டு புறமும் ஒவ்வொன்று, டிரிகர் கார்டில் ஒன்று அல்லது இரண்டு. ஸ்பிரிங் முன்னுக்கும் பின்னுக்குமாக உதைப்பதால் இவை ஐம்பது, நூறு குண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கழன்றுகொள்ளும். ஆலன் கீயின் குட்டைக் காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் முறுக்குங்கள். நீளக் காலைப் பிடித்து முழு பலம் போட்டால் மரக்கட்டை நசுங்கும், மரை போய்விடும். திரும்பத் திரும்பக் கழன்றால் திருகாணியைக் கழற்றி, எண்ணெய்ப் பசை போக பெட்ரோலில் துடைத்து, நீல நிற லாக்டைட் (திருகாணிப் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம். பிறகு சூடு காட்டாமல் கழலாது.

ஒரு தந்திரம்: முறுக்கி முடித்ததும் திருகாணித் தலையிலிருந்து கட்டை வரை நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் கழன்றிருக்கிறது. தினம் கீயை எடுக்க வேண்டாம், கண்ணால் பார்த்தாலே தெரியும்.

பாரல் மடியும் இடம்

ஸ்பிரிங்கை ஏற்றி, பாரலை முழுவதும் திறந்த நிலையிலிருந்து பாதி வரை மூடி நிறுத்துங்கள். பாரலைக் கை விடாமல் தாங்கியபடி பிடியை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். தன் எடையில் தொங்கினால் அச்சு போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது பக்கத்து வாஷர் தேய்ந்திருக்கிறது. பாரலைப் பக்கவாட்டில் ஆட்டினால் கிளிக் என்று ஆட்டம் தெரிந்தாலும் அதே காரணம்தான்.

இந்தச் சோதனை முழுக்க டிரிகர் பக்கம் விரலே போகக் கூடாது. பாரல் திறந்திருக்கும்போது டிரிகர் விழுந்தால் பாரல் சம்மட்டி மாதிரி மேலே வந்து மூடும். விரல் நடுவில் இருந்தால் விரல் போகும், இல்லாவிட்டால் பாரல் வளையும். பெல்லட் போடும்போதும் ஒரு கை பாரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

பெல்லட்

ஒரே ரைஃபிளில் 4.49, 4.50, 4.51, 4.52 என்று தலை அளவு மாறினாலே கூட்டம் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். எது பொருந்தும் என்பதைப் பாரல்தான் சொல்லும். நான்கு அளவிலும் ஒரு டப்பா வாங்குவது வீண் செலவு. கூடப் பழகுகிறவர்களிடம் இருபது இருபதாக வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, சேர்ந்து விழுவதை ஒரே லாட்டில் நாலைந்து டப்பா எடுத்து வைப்பது கெட்டிக்காரத்தனம்.

கெட்ட பெல்லட்டைப் பிரிக்க ஒரு கண்ணாடித் துண்டு போதும். லேசாகச் சாய்த்துவைத்த கண்ணாடியில் பெல்லட்டைப் படுக்கவைத்து உருட்டிவிடுங்கள். தலை ஒரு அளவும் வால் வேறு அளவும் என்பதால் நேராகப் போகாது, வில் மாதிரி வளைந்து உருளும். நல்ல பெல்லட்டுகள் எல்லாம் ஒரே வில்லில் வந்து ஒரே இடத்தில் சேரும். வால் நசுங்கியது தத்தித் தத்தி, நொண்டியடித்துக்கொண்டு வேறு பக்கம் போகும். அதை எடுத்துத் தனியே போடுங்கள். தொடக்கத்தில் கை பழகச் சுடும் குண்டுகளுக்கு ஆகும்.

எடை பார்ப்பதென்றால் சமையலறைத் தராசு உதவாது. சௌகார்பேட்டை நகைக்கடைகளில் புழங்கும் ரகம், ஒரு மில்லிகிராம் வரை காட்டுவது வேண்டும். நல்ல போட்டி பெல்லட் என்றால் எடை பிரிக்கும் வேலை தேவையே இல்லை என்பது எங்கள் கணிப்பு. அந்த நேரத்துக்கு இன்னும் நாற்பது குண்டு சுடலாம்.

டப்பாவைத் திறந்தால் பெல்லட் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா? ஈயம் ஈரக்காற்றில் பூத்துப்போனது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த டப்பா சீக்கிரமே இப்படி ஆகிவிடும். பூத்ததைச் சுடாதீர்கள், ஊதவும் ஊதாதீர்கள், அந்தப் பொடி நஞ்சு. டப்பா வந்ததுமே பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, மருந்துப் பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு மூடிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பாரல் துடைக்க

மூவாயிரம், நாலாயிரம் குண்டு வரை நன்றாக அடித்துவிட்டு மெதுவாகச் சிதற ஆரம்பித்தால் உள்ளே ஈயம் ஒட்டியிருக்கலாம். இரும்புக் கம்பி, பித்தளை பிரஷ் எதுவும் உள்ளே போகக் கூடாது. காசிமேட்டில் விற்கும் தடித்த தூண்டில் நரம்பு ஒன்றே கால் மீட்டர் போதும். இரண்டாக மடித்து, மடிப்பைப் பெல்லட் போடும் பக்கத்தில் விட்டு, இரண்டு நுனியையும் வாய்ப்பக்கம் வெளியே எடுங்கள். மடிப்பு வளையத்தில் சுத்தமான பருத்தித் துணியை, கட்டைவிரல் நகம் அளவு, கோத்து வாய்ப்பக்கமாக நேராக இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் நரம்பு பாரல் வாயின் விளிம்பை அறுக்கும். அந்த விளிம்பில் சின்னப் பொளிவு விழுந்தாலும் ஒவ்வொரு பெல்லட்டும் போகும்போது ஒரு தட்டு வாங்கிக்கொண்டு போகும்.

துணி சாம்பல் நிறம் குறையும் வரை நாலைந்து தடவை. துடைத்தபின் முதல் பதினைந்து, இருபது குண்டு எங்கேயோ போகும். பயந்து சைட்டைத் தொடாதீர்கள், பாரல் மறுபடி பதத்துக்கு வருகிறது.

புகை வருகிறது, சத்தம் வெடிக்கிறது

ஸ்பிரிங் ரைஃபிளில் எண்ணெய் விட்டபின் 'டப்' என்பது 'டமார்' என்று மாறி, பாரல் வாயில் புகை வந்தால், உள்ளே டீசல் இன்ஜின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் காற்றை அழுத்தும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. துரு விடட்டும் என்று மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், டபிள்யூ.டி. ஸ்பிரே அடித்த துப்பாக்கியெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும். அடி பலமாக இருக்கிறதே என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். பிஸ்டன் சீல் கருகி, ஸ்பிரிங் உடைகிற வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

பாரலை உலர்ந்த துணியால் இழுத்துத் துடையுங்கள். கனமான பெல்லட் போட்டு முப்பது குண்டு சுட்டால் மிச்சம் எரிந்து தீரும். புது ரைஃபிள் முதல் இருநூறு குண்டு வரை லேசாகப் புகைவது இயல்பு. ஆயிரத்துக்குப் பின்னும் புகைந்தால் சீல் வழியே கிரீஸ் முன்னே வருகிறது.

பலம் குறைந்துவிட்டது

கண்ணால் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இல்லாவிட்டால் போனே போதும். பாரல் வாயிலிருந்து, கீழ்நோக்கிச் சாய்த்த இரும்புத் தட்டு சரியாக 10 மீட்டர். துப்பாக்கிப் பக்கத்தில் போனை வைத்து ஒலிப்பதிவு செய்து, அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு முள் தெரியும். முதலாவது டிரிகர் விழுந்த சத்தம், இரண்டாவது தட்டில் பட்ட சத்தம். நடுவே 0.089 வினாடி என்று வைத்துக்கொள்வோம். தட்டுச் சத்தம் திரும்பி வர நம் ஊர் வெயிலில் 0.029 வினாடி ஆகும். கழித்தால் 0.060. பத்தை அதால் வகுத்தால் வினாடிக்கு 167 மீட்டர் சராசரி. புதிதாக இருக்கும்போதே இப்படிப் பத்து குண்டு அளந்து சுவரில் எழுதி வைத்திருந்தால் பின்னால் பத்து சதவீதம் இறங்கினாலும் பிடித்துவிடலாம்.

இறங்கியிருந்தால் முதலில் பாரல் மூடும் இடத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்). மூடிய இடுக்கின் மேல் டிஷ்யூ தாளில் ஒரு சின்னக் கீற்றைக் கிழித்து வைத்துச் சுடுங்கள். கீற்று பறந்தால் காற்று அங்கே போகிறது. ரப்பர் பாரல் முகத்தை விட ஒரு விசிட்டிங் கார்டு கனம் மேலே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். அமுங்கிப் போயிருந்தால் புதிது. பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு பாரிமுனை சீல், பேரிங் கடைகளுக்குப் போனால் உள்விட்டமும் கனமும் வெர்னியரில் அளந்து தருவார்கள். விலை ஒரு டீக்காசு. கனம் கொஞ்சம் போதாவிட்டால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வட்டமாக வெட்டிப் போடுவது உண்டு.

கீற்று அசையவில்லை, வேகமும் இல்லை, சுடும்போது 'கிர்ர்' என்று நெளிகிற சத்தம் வருகிறது என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம் அல்லது பிஸ்டன் சீல் போயிருக்கலாம். பாலியூரிதேன் சீல் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுத்து உதிரும். சுடாமல் பரண் மேல் கிடந்த துப்பாக்கிக்கு இது அதிகம். பிரிக்கும்போது ஸ்பிரிங் அழுத்தும் கருவி கட்டாயம் வேண்டும். உள்ளே முன்கூட்டியே அழுந்திய நிலையில் இருக்கும் ஸ்பிரிங், பின் மூடியைத் தட்டியதும் நெஞ்சுக்கு நேராக வரும். கருவி இல்லாதவர்கள் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

ஸ்பிரிங் சீக்கிரம் தளர முக்கியமான இரண்டு காரணம்: ஏற்றிய நிலையில் மணிக்கணக்கில் வைப்பது, பெல்லட் இல்லாமல் சுடுவது.

காற்று நிரப்பும் ரைஃபிள்: முள் இறங்குகிறது

நிரப்பிய அரை மணியில் 200 பார் (அழுத்த அளவு) 190 ஆவது கசிவு இல்லை. அழுத்தும்போது சூடான காற்று ஆறுகிறது. ஆறியபின் வரும் எண்ணை எழுதிவைத்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் சிலிண்டர் மரை, நிரப்பும் வால்வு, மானி இந்த மூன்றிலும் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ், எண்ணெய் அழுத்தக் காற்றில் பற்றும்.

மணலி, வியாசர்பாடிப் பக்கம் வெல்டிங் பட்டறைக்குப் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கும். அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாமே என்று ஒருவருக்காவது தோன்றும். கூடவே கூடாது. அழுத்த ஆக்சிஜனும் ஒரு துளி எண்ணெயும் சேர்ந்தால் துப்பாக்கியே வெடிகுண்டாகிவிடும். டைவிங் சிலிண்டர் காற்று அல்லது கைப்பம்பு. கைப்பம்பு என்றால் ஈரம் உள்ளே போகும், எனவே உலர்த்தும் வடிகட்டி போட்டு, ஐம்பது அடிக்கொரு முறை நிறுத்தி ஆறவிட்டு, கீழ் வடிகாலைத் திறந்து நீரை விடுங்கள். சிலிண்டரில் காலாவதித் தேதி பொறித்திருக்கும், போட்டி ரைஃபிள்களில் பெரும்பாலும் பத்து ஆண்டு. தேதி தாண்டியதைப் போட்டியிலும் விடமாட்டார்கள், வீட்டிலும் நிரப்பாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் 60 டிகிரியில் வைத்தால் 200 பார் 220ஐத் தாண்டும்.

காலையில் முதல் குண்டு மட்டும் மேலே, அடுத்ததெல்லாம் சரியாக விழுந்தால் ரெகுலேட்டர் (அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) இரவெல்லாம் மெல்லக் கசிந்து உள்ளறையில் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன ஓ-ரிங்கில் அல்லது வால்வு முகத்தில் தூசி. அனல்மின் நிலையச் சாம்பல் விழும் அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கத்தில் நிரப்பும் முனைக்கு மூடி இல்லாமல் வைத்தால் வேறென்ன ஆகும்.

கார்பன் டை ஆக்சைடு ரகம் மதியத்தில் மேலே அடிப்பது கோளாறே அல்ல. 20 டிகிரியில் 57 பார் இருக்கும் வாயு 30 டிகிரியில் 72 பார் ஆகிறது. காலைக்கு ஒரு சைட் எண், மதியத்துக்கு ஒன்று என்று குறித்துக்கொள்ள வேண்டியதுதான். மே மாதத்தில் அதுவும் நிற்காது.

சேர்ந்து விழுகிறது, நடுவில் இல்லை

இப்போது சைட். பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கம் குண்டு போகும். திருகாணி மேல் போட்டிருக்கும் எழுத்துகள் ரகத்துக்கு ரகம் மாறுவதால் நம்ப வேண்டாம். பத்து கிளிக் திருப்பி ஐந்து குண்டு போட்டு எங்கே போனது என்று பாருங்கள். பத்து கிளிக்குக்கு 3 மி.மீ. நகர்ந்தால் கணக்கு கையில் இருக்கிறது.

டயாப்டர் (சிறு துளை வழியே பார்க்கும் பின் சைட்) வைத்திருப்பவர்கள் முன் வளையத்தைச் சின்னதாகப் போட்டுக்கொண்டு அவதிப்படுவார்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தாராளமாகத் தெரிய வேண்டும். ஸ்கோப் என்றால், தொலைவுக்காகச் செய்ததை வைத்து 10 மீட்டரில் பார்க்கும்போது கண் நகர்ந்தால் குறியும் நகரும், 10 மீட்டருக்குக் குவியம் திருத்தக்கூடியதே வேண்டும். ஸ்பிரிங்குக்கு ஏற்ற கெட்டி ரகமும்கூட. இல்லாவிட்டால் உள்ளே குறுக்குக்கோடு அறுந்துவிடும்.

பெல்லட் திரும்பி வருகிறது

நேராக நிறுத்திய இரும்புத் தட்டில் பட்ட ஈயம் சிதறி உங்கள் பக்கமே வரும். 3 மி.மீ. தகட்டைப் பெட்டிக்குள் கீழ்நோக்கி 45 டிகிரி சாய்த்து, முன்னால் பழைய துணியை இறுக்கி அடையுங்கள். கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி, சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும். பெட்டிக்குப் பின்னால் கதவு இருந்தால் அது தாழ் போட்டிருக்க வேண்டும், பின்கட்டிலிருந்து யாரும் வந்துவிடக் கூடாது.

ஒரு டப்பா ஐநூறு பெல்லட் என்றால் கால் கிலோவுக்கு மேல் ஈயம். பெட்டியைக் கொட்டும்போது துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், சேர்ந்ததைப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள், வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள். சுட்டு முடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள்.